ஏரல் நாற்பத்தேழின் மேல் ஒரு பழி

சங்கரபாண்டியனைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். அந்த ஆள் ஏரல் பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். நெற்றி நிறையத் திருநீறு, கடைக்கு யார் வந்தாலும் வாய் நிறைய உபசாரம். பார்த்தால் பசுமாடு மாதிரி இருப்பார். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றியல்ல. வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கிற தூத்துக்குடி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஞானபாக்கியத்தைப் பற்றி. ஆனால் இவளைச் சொல்ல வேண்டுமென்றால் அவரையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

பாக்கியம் நாசரேத்துக்காரி. அப்பா உபதேசியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். கல்யாணம் பண்ணிக் கொடுத்தது ஜீவமணிக்கு. அவர் தந்தி இலாகாவில் லைன்மேன். அவருடைய பூர்விக வீடு ஏரலில். அவர் தூத்துக்குடியில் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவார், திங்கட்கிழமை காலையில் கிளம்பிவிடுவார். பிள்ளை இல்லை. அவள் அதற்காக அழுததாகவும் தெரியவில்லை. சனிக்கிழமை என்றால் முகம் பூத்துவிடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வீடுதான் சங்கரபாண்டியனுடையது. கடை முன்னால், வீடு பின்னால். ஒரு மழைக்காலத்தில் ஜீவமணி ஓடு மாற்றினார். கூரைத் தண்ணீர் தன் முற்றத்தில் விழுகிறது என்று சங்கரபாண்டியன் சண்டைக்கு வந்தார். வாய் தடித்தது, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோயிற்று. எங்கள் பக்கத்தில் பேச்சு அறுந்தால் அது சும்மா இல்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தவிர்க்க முடியாமல் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘மாடு அவுந்து போவுதுன்னு சொல்லணும்’ என்று இவர் சுவரிடம் சொல்லுவார். ‘பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்னு சொல்லணும்’ என்று அவரும் சுவரிடம் சொல்லுவார். சுவருக்கு மட்டும் வாய் இருந்தால் இரண்டு பேரையும் காறித் துப்பியிருக்கும்.

ஆனால் ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்து, சாவு என்று வந்துவிட்டால் அந்தப் பேச்சு வேறு. ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் ஓடிவந்து சொல்லிவிட்டுத்தான் போவான், பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டு மறுநாள் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்ளுவான். இதை மீறிய ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

எழுபதாம் வருஷம் ஜீவமணி தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு போஸ்ட்டிலிருந்து விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நினைவு இருந்தது. வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று கேட்டதற்கு அவர் கொடுத்த நம்பர் ஏரல் நாற்பத்தேழு. சங்கரபாண்டியன் கடை போன். தெருவில் இருந்த ஒரே போன் அதுதான். சண்டைக்கு முந்தி அந்தக் கடைக்கு லைன் இழுத்துக் கொடுத்ததே ஜீவமணிதான். சண்டை சண்டையாக இருக்கட்டும், சாகக் கிடக்கிறவனுக்குச் சொல்லாமலா போய்விடுவான் என்று நம்பித்தான் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

அந்த டிரங்க் காலைப் போட்டுக் கொடுத்தது நான். சாயங்காலம், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. லைன் சரியாகக் கிடைத்திருக்கிறதா என்று பார்க்கக் காதில் வைத்திருந்தேன். நர்ஸ் மலையாளத்துப் பெண், தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள். “ஞானபாக்கியம்னு ஒருத்தரைக் கூப்பிடணும். அவங்க ஹஸ்பெண்டு ரொம்ப சீரியஸ்.”

அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. “அவுக வீட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாதும்மா.” டொக்கென்று வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை போட்டேன், ரிசீவரைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். கட்டையில போறவன்!

மறுநாள் உச்சி வெயிலில் ஒரு பஸ் கண்டக்டர் சொல்லித்தான் பாக்கியத்துக்குத் தெரிந்தது. ஓடி வந்து பார்த்தபோது ஜீவமணி சவக்கிடங்கில் கிடந்தார். ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாராம். விடியற்காலம் வரைக்கும் வாய் ஓயவில்லையாம். என்ன சொன்னார் என்று பாக்கியம் அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “ஸ்பீடா பேசி, எனக்கு ஒண்ணும் மனசிலாயில்லா, சேச்சி,” என்று அந்தப் பெண் அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு மயக்கம். கேட்க வேறு நாதி இல்லை.

புருஷன் வேலைக்குப் பதிலாக இவளுக்கு இலாகாவில் ஆபரேட்டர் வேலை கொடுத்தார்கள். என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். ஒரு மாதம் போகட்டும் என்று பொறுத்திருந்து, நான் காதில் கேட்டதை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை. “அப்படியா சொன்னாரு?” என்று மட்டும் கேட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த காலை எடுத்தாள்.

அன்றிலிருந்து ஏரல் நாற்பத்தேழுக்குப் பிடித்தது சனி. அந்தக் கடையிலிருந்து விருதுநகருக்குப் பருப்பு விலை கேட்க டிரங்க் கால் பதிவு செய்தால், அது வரிசையில் கடைசியில்தான் நிற்கும். ஏலம் முடிந்து, வியாபாரிகள் வீட்டுக்குப் போன பிறகு லைன் கிடைக்கும். மூன்று நிமிஷம் முடிந்த மூச்சிலேயே கட். ‘ஹலோ, ஹலோ’ என்று அவர் கத்துவதை இவள் கேட்டுக்கொண்டே கையிலிருக்கும் முறுக்கைக் கடிப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவர் நம்பரில் இருந்து கால் வந்தால் நான்தான் எடுக்க வேண்டும், பிளக்கை மட்டும் அவள் பிடுங்குவாள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதற்கென்ன இப்போது.

“ஏளா, இதெல்லாம் கொசுக்கடிளா. அவனுக்கு உறைக்கவா போவுது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்குத் தெரியும்க்கா. அவரு குடும்பத்துச் செய்தி ஒண்ணு என் கை வழியா வராமலா போவும்? நான் காத்துக்கிட்டு இருக்கேன்,” என்றாள். அவள் வேதப் புஸ்தகம் வாசிக்கிறவள். சொல்லும்போது குரல் ஜெபம் பண்ணுகிற மாதிரித்தான் இருந்தது.

எழுபத்தெட்டு கார்த்திகையில் புயல் அடித்தது. தூத்துக்குடிக்கு ஓரமாக ஒதுங்கி, வடக்கே ராமநாதபுரம் கரையில் ஏறியது. அங்கன சங்கு குளிக்கிறவர்கள் குடியிருக்கிற ஊர்களுக்கு ரோடு இல்லை, தந்திக் கம்பம் இல்லை, போலீஸ் வயர்லெஸ் கம்பமும் முறிந்துபோயிற்று. யார் செத்தார்கள், யாருக்குச் சோறு வேண்டும் என்று கேட்கக்கூட வழியில்லை. அப்போது டெல்லியிலிருந்து ஒரு நிவாரணக் குழு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியது. கவிழ்த்த குடை மாதிரி ஒரு தட்டு, ஒரு ஜெனரேட்டர், ஒரு பேச்சுப் பெட்டி. ஒன்றை வள்ளத்தில் ஏற்றி அந்த ஊர்களில் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள், இன்னொன்றைப் புது ஹார்பரில் அரிசி மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையில் வைத்தார்கள். இங்கே பேசினால் அது ஆகாசத்தில் நிற்கிற சாட்டிலைட்டுக்குப் போய், அங்கிருந்து அந்த ஊரில் இறங்குமாம். சாட்டிலைட் பல பேருக்குப் பொது என்பதால் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் கொடுப்பார்கள்.

கூட வந்த இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாது. கரையோரத்து ஊர்ப் பேர்களும் இங்கிலீஷும் தெரிந்த ஆபரேட்டர் வேண்டும் என்று கேட்டார்கள். பாக்கியத்தை அனுப்பினார்கள். எத்தனை மூட்டை அரிசி, எத்தனை பேருக்குக் காலரா ஊசி, எந்தத் தீவில் ஆள் சிக்கியிருக்கிறது என்று நாள் பூராவும் அதே வேலை. அவள் சொல்லி இறக்கிய அரிசியைத் தின்று பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அது தனிக் கதை.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பக்கத்து டாக்டர் பெட்டியில் சொன்னார்: பள்ளிக்கூடச் சுவர் விழுந்து ஒருத்தனுக்கு இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது. கருவாடு கொள்முதலுக்கு வந்த வியாபாரி. அசைக்க முடியாது. ஹெலிகாப்டர் வர இன்னும் வானம் வெளுக்கவில்லை. நினைவு இருக்கிறது, தகப்பனைக் கேட்கிறான், சாயங்காலம் பேச வைக்க முடியுமா? பேர் அய்யாக்குட்டி. தகப்பன் சங்கரபாண்டியன், ஏரல்.

பாக்கியம் ஹார்பரிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு என்னிடம் சொன்னாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கர்த்தர் இருக்கிறார் என்று அந்த நிமிஷம் நம்பினேன், நான் முருகனைக் கும்பிடுகிறவள்.

“விட்டுத் தள்ளுளா,” என்றேன். “மழையில ஏரலுக்கு லைன் கிடைக்கலைன்னு சொல்லிருவோம். நாளைக்குச் சொல்லிக்கிடலாம். யாரு கேக்கப் போறா?”

“இல்லக்கா. இப்பமே போட்டுச் சொல்லுங்க. வரட்டும். வந்து என் முன்னால நிக்கட்டும். நான் பாக்கணும்.”

போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ரிசீவர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

வேலை முடிந்ததும் பாக்கியத்துக்குத் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு நானும் ஹார்பருக்குப் போனேன். சோறு ஒரு சாக்கு, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சங்கரபாண்டியன் எனக்கு முந்தியே வந்திருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, நெற்றியில் திருநீறு இல்லை. இன்ஜினியரிடம் கையைக் கூப்பிக்கொண்டு என்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் பாக்கியத்தைக் கை காட்டினார். இவர் திரும்பி அவளைப் பார்த்தார். அப்புறம், நம்ப மாட்டீர்கள், கொட்டகையின் தகரச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“எம் மவன்கூடப் பேசணும்னு சொல்லணும்.”

பாக்கியமும் தகரத்தைப் பார்த்தாள். “நேரம் ஆவல. உக்காரச் சொல்லணும்.”

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு அரிசி மூட்டை தூரம். ஆகாசத்துக்குப் போகப்போகிற பேச்சு அந்த ஒரு மூட்டையைத் தாண்டமாட்டேன் என்றது. பெற்ற பிள்ளை நசுங்கிக் கிடக்கிற நேரத்திலும் அந்த வீம்பைப் பாருங்களேன்.

நேரம் வந்தது. இன்ஜினியர் அவர் கையில் மைக்கைக் கொடுத்துச் சைகையில் காட்டினார்: இந்தப் பித்தானை அமுக்கினால் நீ பேசலாம், விட்டால்தான் அவன் பேசுவது கேட்கும். சங்கரபாண்டியன் தலையை ஆட்டினார். வெளியே ஜெனரேட்டர் இருமத் தொடங்கியதால் இன்ஜினியர் அதைப் பார்க்க ஓடினார். பாக்கியம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பித்தானை யார் அமுக்கினாலும் விட்டாலும் அவள் காதுக்கு மட்டும் அந்தப் பக்கத்துப் பேச்சு விழுந்துகொண்டே இருக்கும். இது எனக்கு முதலில் தெரியாது.

எங்கள் ஊர்க்காரர்கள் டிரங்க் கால் பேசுவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மதுரைக்குப் பேசினால் மதுரைக்கே கேட்கிற மாதிரித் தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்தப் பக்கம் பேசினாலும் இந்தப் பக்கம் கத்துவதை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தினால் லைன் போய்விடும் என்று பயம். சங்கரபாண்டியன் பித்தானை அமுக்கினார். அமுக்கியவர் அமுக்கியவர்தான்.

“ஏலே அய்யா! அய்யாக்குட்டி! கேக்குதாலே? அப்பா பேசுதேன்! ஹலோ! ஹலோ! ஏலே, கேக்குதா? அப்பா பேசுதேம்லே!”

பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை. கெட்டுப்போயிற்று போல என்று நான் நினைத்தேன். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் மூக்கு வழியாக வழிந்தது, பித்தானை அமுக்கின விரல் வெளுத்துப்போயிருந்தது. நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். எதையோ கேட்கிறாள். முகம் செத்த முகம் மாதிரி இருந்தது. அவர் கத்தக் கத்த, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறான். இந்த ஆள் கத்துகிறார், பிள்ளையின் பேச்சு இவளுடைய காதில் மட்டும் விழுகிறது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இவள் அவரோடு பேசுகிறவள் இல்லையே. இவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், கொடுத்த நேரம் தானே ஓடிவிடும். ஏளா, அப்படியே இரு என்று என் மனசு சொன்னது. சத்தியமாகச் சொன்னது.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ. பாக்கியம் எழுந்தாள்.

“கையை எடும்வே!”

கொட்டகைக்கு வெளியே மூட்டை சுமந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அவர் திகைத்துப் பார்த்தாரே தவிர விரலை எடுக்கவில்லை. பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். “எடும்வே, மூதேவி! பிள்ளை பேசுதான், காதைக் குடுத்துக் கேளும்!”

விரல் விலகியது. பெட்டியிலிருந்து குரல் வந்தது. இளைத்துப்போன, ஆனால் தெளிவான குரல்.

“... அவ்வளவுதாம்ப்பா. கேட்டுதா? அப்பா? நீரு சாப்பிட்டீரா?”

பாக்கியமே அவர் விரலைப் பிடித்துப் பித்தானில் வைத்து அமுக்கினாள். “சாப்பிட்டேன்யா,” என்றார். அவள் விரலை எடுத்துவிட்டாள்.

“அம்மைய அழ வேண்டாம்னு சொல்லும். வலி இல்ல. கால் இருக்கிற மாதிரியே தெரியல,” என்றான் பிள்ளை. சிரித்தான் போல இருந்தது. அதற்குள் இரைச்சல் வந்து மூடிக்கொண்டது. நேரம் முடிந்துவிட்டது.

அய்யாக்குட்டி மறுநாள் விடியற்காலமே போய்விட்டான். காலை நேரத்தில் டாக்டர் பெட்டியில் சொன்னதும் பாக்கியம் எழுந்து, மூட்டைகளின் மேல் சாய்ந்துகிடந்த அந்த மனுஷனிடம் நேராகப் போனாள். தகரத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “உம்ம மவன் போயிட்டான். நல்லபடியாப் பாத்துக்கிட்டாவளாம். வள்ளத்துல கொண்டாருவாவ, இங்கனயே இரும்.” முறை என்ன உண்டோ அதில் ஒன்றையும் அவள் குறைக்கவில்லை.

அவர் அழுது முடிக்கிற வரைக்கும் நின்றாள். ராத்திரி வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கியிருந்த நானும் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அப்போது பாவமாகத் தோன்றவில்லை. அழட்டும் என்றுதான் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் ஒன்று கேட்டார். “தாயி, நான் கத்திக்கிட்டு இருந்தப்ப அவன் என்னமோ சொன்னாம்லா? ரொம்ப நேரம் சொன்னாம்லா? உன் காதுல விழுந்திருக்கும்லா? என்ன சொன்னான்?”

பாக்கியம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“என்ன தாயி சொன்னான்?”

“எங்க வீட்டுக்காரரும் ராத்திரி முச்சூடும் பேசினாராம்வே,” என்றாள். “என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது.” திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். காலரா ஊசி எத்தனை என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள், சொன்னாள்.

இப்போது எழுபத்தொன்பது ஆனி. வாராவாரம் சனிக்கிழமை சங்கரபாண்டியன் ஏரலிலிருந்து பஸ் ஏறி எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வருகிறார். ஆள் பாதியாகிவிட்டார். கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறானாம். வாசல் வேப்பமரத்தடியில் நின்று, பாக்கியம் வேலை முடிந்து வெளியே வரும்போது கையைக் கூப்புகிறார். “ஒரு வார்த்தை மட்டும் சொல்லு தாயி.” அவள் அவருக்கு நன்றாகவே பதில் சொல்கிறாள். “வாரும். சௌக்கியமா? வெயில்ல நிக்காதேயும்.” எல்லாம் பேசுகிறாள், அந்த ஒன்றைத் தவிர. என்னிடமும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை எனக்கே பொறுக்கவில்லை. அவருடைய வாயில் புழு விழ வேண்டும் என்று எட்டு வருஷம் சாபம் விட்டவள் நான். நானே கேட்டேன்: “ஏளா, போதும்ளா. பெத்த மனசுளா. சொல்லித் தொலையேன்.”

பாக்கியம் டிபன் கேரியரை மூடி, கொக்கியைப் போட்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“சொல்லுதேன்க்கா. நான் எட்டு வருஷம் முழுங்கிட்டு இருந்தேன்லா? எம்பத்தாறு கார்த்திகையில வரச் சொல்லுங்க. அன்னைக்குச் சொல்லுதேன்.”

அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் அவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.